உப்பில்லாத் தட்டுகள்

புரட்டாசி 1, புதன்

காலையிலேயே சுள்ளென்று வெயில். ராஜபாளையத்தில் ஏழு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிக்குள் நுழையும்போது எட்டேகால். நல்ல வேளை, தவளை அப்போதுதான் முட்டையிட ஆரம்பித்திருந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் முட்டை இரண்டாகப் பிரிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை. ஒரு பாதி இடப்பக்கம் ஆகும், மறு பாதி வலப்பக்கம். முட்டைகளுக்கு ஊசி போட்டு முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

மூன்று தட்டு:
– தவளையின் சிறுநீரக மரபணு ஒன்றை நிறுத்தியது மட்டும். நீர் வெளியேறாமல் தலைப்பிரட்டை வீங்க வேண்டும்.
– நிறுத்திவிட்டு, அதே மரபணுவின் நல்ல மனிதப் பிரதியைக் கொடுத்தது. வீங்கக் கூடாது.
– நிறுத்திவிட்டு, ஓரெழுத்து மாறிய எங்கள் வீட்டுப் பிரதியைக் கொடுத்தது. ?

எது எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியாது. உடன் வேலை பார்க்கும் செல்வின் சார் 1, 2, 3 என்று ஒட்டிவிட்டு, சீட்டைத் தன் டிராயரில் பூட்டிக்கொண்டார். "உங்க வீட்டு விஷயம். உங்க கண்ண நம்ப மாட்டேன்." சரிதான்.

அந்த மாறிய எழுத்து அண்ணனுக்கு இருக்கிறது. எனக்கும். அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். எழுத்துதான் காரணம் என்றால் நாளைக்கு எனக்கும் அதே கதி, என்னுடையதை எடுக்க மாட்டார்கள். காரணம் இல்லையென்றால் நான் ஒன்று கொடுக்கலாம். மரபணு ரிப்போர்ட்டில் 'விளைவு தெரியவில்லை' என்று போட்டிருக்கிறது. தவளையிடம் கேட்கிறேன் என்றதற்கு அண்ணனைப் பார்க்கிற டாக்டர் சிரித்தார். பிறகு, "கொண்டு வாங்க, மத்த டெஸ்டோட வச்சுப் பாப்போம்" என்றார்.

மறக்காமல்: கழுத்துக்குத் தைலம்.

புரட்டாசி 4, சனி

புரட்டாசிச் சனி, பஸ் முழுக்க இங்கே பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம். பின்னால் ஒரு அம்மா: "எம்புட்டு நேரம்யா நிக்கது, வண்டிய எடு." நின்றுகொண்டேதான் வந்தேன்.

தட்டு 1 சுறுசுறுப்பு. 2 வீங்க ஆரம்பித்துவிட்டது. 3-இல் ஐந்தாறு மட்டும். ஊசி பட்ட கோளாறாகவும் இருக்கலாம். பொறுக்கணும்.

தனியாக ஒரு தட்டில் இடப்பக்கப் பாதிக்கு மட்டும் மரபணுவை நிறுத்தியிருந்தேன், சும்மா பார்க்க. இடது சிறுநீரகக் குழாய் நூல் துண்டு போல நின்றுவிட்டது. வலதில் வளைவெல்லாம் சரியாக இருக்கிறது. வீக்கமே இல்லை, ஓடித் திரிகிறது. ஒன்றே போதுமாம். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டு கழுவும் மும்தாஜ் அக்கா (வ. புதுப்பட்டி, தினமும் பஸ்) அண்ணனை விசாரித்தார். கால் வீங்கியிருக்கிறது, உப்பை அடியோடு குறைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றேன். "உப்பு இல்லாம எப்படித்தான் வாயில வைக்காகளோ" என்று வருத்தப்பட்டார். நாளைக்குத் தட்டுகளுக்குத் தண்ணீர் மாற்றுவது அவர்தான்.

புரட்டாசி 6, திங்கள்

2 வீக்கம். 3-உம் வீக்கம், ஒன்று விடாமல். தொட்டால் உடைந்துவிடும் போல வயிறு. சீட்டைப் பிரிக்கவே தேவையில்லை. வீங்காதது ஒரே தட்டு, அது நல்ல பிரதி. மற்ற இரண்டில் ஒன்று நாங்கள்.

அழுகை வந்தது. அதை எழுதலாம். அதற்கு முன்னால் வந்தது என்ன என்பதையும் எழுதத்தான் வேண்டும்: அப்பாடா என்றிருந்தது. கத்தி வேண்டாம். கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, தவளையே சொல்லிவிட்டது. சீ.

சாயங்காலம் அண்ணன் வீட்டில் வாய் திறக்கவில்லை. மதினி கொடுத்த காபியை ஆறவிட்டேன்.

புரட்டாசி 7, செவ்வாய்

ஒன்று உறுத்துகிறது. சனிக்கிழமை 3-இல் ஐந்தாறுதான் வீங்கியிருந்தன, இரண்டே நாளில் எப்படி அத்தனையும்? தலைப்பிரட்டைகள் இருப்பது லேசான உப்புக் கரைசலில். அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். மூன்று தட்டுக்கு மாற்றியிருந்தால் குறைந்திருக்க வேண்டிய அளவு குறையவில்லை.

அக்காவைக் கேட்டேன்.

"ஒண்ணுக்கு அதத்தான் ஊத்துனேன் மேடம். மத்த ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. வீங்குனா உப்பு ஆவாதுன்னு நீங்கதான சொன்னீக? பாவமா இருந்துச்சு, நல்ல தண்ணிய ஊத்தினேன்."

தலைப்பிரட்டைக்கு நேர் எதிர். வெளியே உப்பு குறைந்தால் உள்ளே இன்னும் நீர் ஏறும், சிறுநீரகம் அரைகுறையாக இருந்தால் தாங்காது. அக்காவைத் திட்ட வாய் வரவில்லை. அவர் வைத்தியம் பார்த்திருக்கிறார். உப்புக் கதையை அளந்தது நான்.

செல்வின் சார்: "மொதல்ல இருந்து."

கோபம் வரவில்லை. அப்பாடா போய்விட்டது, அதுதான் தெரிந்தது. ஆனால் விடை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று ஒரு குறுகுறுப்பு, அதுவும் நிஜம்.

புரட்டாசி 8, புதன்

மறுபடி ஊசி. வேறு எண்கள்: 4, 5, 6. கழுத்து. தைலம் இன்னும் வாங்கவில்லை.

புரட்டாசி 12, ஞாயிறு

லீவு நாள் என்று பார்க்காமல் மூன்று பேரும் வந்துவிட்டோம். நேற்றும் நானே நின்று தண்ணீர் மாற்றினேன், மூன்றுக்கும் உப்புக் கரைசல்.

4 நன்றாக நீந்துகிறது. 5 வீக்கம். 6 நன்றாக நீந்துகிறது.

மூன்று தடவை பார்த்தேன். இன்றைக்கும் சீட்டு தேவைப்படவில்லை. வீங்கியது ஒரே தட்டு. நல்ல பிரதியும் எங்கள் பிரதியும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன. எழுத்து காரணம் இல்லை போலிருக்கிறது.

"வீங்கலையா மேடம்? நல்லதுதான?" என்றார் அக்கா. நல்லதுதான் என்றேன். பயமாக இருந்தது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் போன். தினமும் கேட்கிற அதே கேலி:

"ஏட்டி, ஒந் தவளை என்ன சொல்லுது?"

"குடுக்கலாம்ங்குதுண்ணே."

மதினி பாத்திரம் போடுவது கேட்டது.

"அது கெடக்கு. நீ என்ன சொல்லுத?"

"செவ்வாக்கெழம ஒங்கூட நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன்."