கறுப்புக் குதிரை

மார்ச் 2

என் கோபக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் கண்ணாடிக் கடையும் நலமா? போன வருஷம் தலைமை நர்ஸாக இந்த ஊருக்கு மாற்றலாகிக் கிளம்பியபோது, "போறதுன்னா போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அப்புறம் ஒரு வரி உண்டா? இருந்தாலும் இதை உங்களிடம் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

ஆஸ்பத்திரி செஸ் போட்டியில் ஜெயித்துவிட்டேன்! எதிரே கண் டாக்டர், எனக்குக் கறுப்பு. இரண்டாவது நகர்விலேயே ஒரு சிப்பாயை இலவசமாக நீட்டினார், அச்சு அசல் உங்களைப் போலவே. என் கையும் பழக்க தோஷத்தில் அதன் பக்கம் போய்விட்டது. "சும்மா கிடைச்சா விடமாட்டியே!" என்று நீங்கள் சிரிப்பது காதில் கேட்டது. போட்டியில் எதிராளி காயைத் தொட்டால் வெட்டியே ஆகணும். சட்டென்று கையை மடக்கி, பதிலுக்கு என் சிப்பாய் ஒன்றை நீட்டினேன். டாக்டர் லபக்கென்று விழுங்கினார். என் அடுத்த சிப்பாய் முன்னேறி, அவர் குதிரையை வெளியே வரவிடாமல் மறித்தது. காவலில்லாமல் நின்ற ராஜாவை என் ராணி தேடிப்போய் மடக்கினாள்.

இங்கேயே நிரந்தரமாக இருப்பதா என்று மாதக் கடைசிக்குள் சொல்லணுமாம். என்ன எழுதட்டும்?

உங்கள் வாயாடி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

டாக்டரையே கவிழ்த்துவிட்டாயா! கடைக்கு வந்தவரிடம், "எம் பொண்டாட்டி ஜெயிச்சுட்டா!" என்றேன். "எந்தத் தேர்தல்ல?" என்று கேட்டார்.

நம் பெட்டியில் கறுப்புக் குதிரை ஒன்றைக் காணோம். அதன் இடத்தில் மருந்துப்புட்டி மூடியை வைத்துத் தனியாக ஆடுகிறேன். நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடுகிறேன். நிரந்தரம் என்றே எழுது.

உன் கோபக்காரன்


மார்ச் 28

என்னவருக்கு,

படித்துவிட்டு அழுதேன். ஆனாலும் நீங்கள் நீட்டியதை எடுக்க மாட்டேன். கடை இல்லாத உங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாள் முழுக்க என் சமையலைக் குறை சொல்வீர்கள்.

பதிலுக்கு நானும் ஒன்றைத் தருகிறேன். இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டேன், கிடைத்துவிட்டது. தலைமை நர்ஸ் பதவி போகும். போகட்டும், வார்டு வேலை இருக்கிறதே! அங்கிருந்து உங்கள் கடைக்குத் தினமும் போய்வர ஒரே ரயில்தான். மாடி வீடு ஒன்று பிடித்துவிட்டேன். தண்ணீர்க் குழாய் மட்டும் கொஞ்சம் முனகும்.

குதிரையை எடுத்தது நான்தான். நான் இல்லாத நேரத்தில் வேறு யாரோடும் நீங்கள் ஆடிவிடக் கூடாதே! இப்போது புது வீட்டு ஜன்னலில் நிற்கிறது. மற்ற காய்களோடு சீக்கிரம் வந்து சேருங்கள்.

உங்கள் வாயாடி