கட்டைவிரல் அடங்கும் நேரம்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் கணினி விளையாட்டு வெளியாகி ஐந்து நாள். காலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். எல்லாவற்றையும் படித்து நான்காகப் பிரிப்பது என் வேலை: பாராட்டு, குறை, வசை, மற்றவை. இலக்கியம் படித்தவளுக்கு இது கிடைத்தது.

சீட்டாட்டத்தில் ஏமாற்றுவதுதான் விளையாட்டே. நேர்மையாக ஆடினால் மூன்றாவது மேசையைத் தாண்ட முடியாது. ஒருவர் எழுதியிருக்கிறார்: “நான் வாழ்க்கையில் ஒரு பென்சில்கூடத் திருடியதில்லை. இங்கே நாலு மணி நேரத்தில் ஒரு பாதிரியாரைச் சுத்தமாகத் துடைத்து அனுப்பிவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது.” பாராட்டில் போட்டேன். இன்னொருவர்: “மாட்டிக்கொண்டால் அடிக்க வருகிறார்கள். அநியாயம்.” இது குறையா, மற்றவையா? கால் மணி நேரம் யோசித்தேன்.

மார்ச் 5, புதன்

கைகளைப் பற்றித்தான் நிறையப் பேர். “முகங்கள் பொம்மை. கைகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன.”

அவை அப்பாவின் கைகள். போன ஆகஸ்டில், கையசைவுகளைப் படம்பிடிக்கப் பேசிவைத்திருந்த கைவித்தைக்காரர் கடைசி நாளில் வரவில்லை. மேலிருந்து எடுப்பதுபோல் அடிச்சீட்டை உருவிப் போட அப்பாவுக்குத் தெரியும், கல்லூரி விடுதியில் பழகியது. பரிசோதனைக்கூடத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தார். முப்பத்தோரு வருடமாக மற்றவர்களின் நரம்பு தேடி இரத்தம் எடுக்கும் கை. அங்கே அவருக்குப் பெயரே ‘ஒரே குத்து’.

காமிராவில் கை மட்டும்தான் விழும் என்றதும், “அப்போ எதுக்கும்மா நான் ஷேவ் பண்ணிட்டு வந்தேன்?” என்றார்.

மார்ச் 7, வெள்ளி

இணையத்தில் ஒரு சண்டை. விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் நாம் மேசைக்கு இந்தப் பக்கம். சீட்டுப் போடுகிறவர் எப்போது ஏமாற்றுகிறார் என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார்: சீட்டுக்கட்டைச் சும்மா பிடித்திருக்கும்போது அந்த ஆளின் இடது கட்டைவிரல் மெல்ல ஆடுகிறது. அடிச்சீட்டை உருவும் நொடியில் ஆட்டம் நின்றுவிடுகிறது. “விரல் அடங்கினால் திருட்டு நடக்கிறது. இதை யோசித்த மூளைக்கு வணக்கம்.”

கீழே ஒருவர்: “தெரிந்துகொண்ட பிறகு சப்பென்று ஆகிவிட்டது. எடுத்துவிடுங்கள்.”

அசைவுகளைச் சரிசெய்கிறவனிடம் கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் எழமாட்டான், அதனால் அவன் பெயர் கோந்து.

“நீ செஞ்சியா இதை?”

“இல்ல. ஆனா கேக்கறவங்ககிட்ட நான்தான்னு சொல்லிட்டிருக்கேன். நீ ஏதாவது உளறி வெக்காத.”

சிரித்தேன்.

மார்ச் 8, சனி

கட்டைவிரல்: வேண்டும் 341, வேண்டாம் 198. அட்டவணை நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று வந்தது, அப்படியே:

“விளையாட்டு நன்று. ஒன்று சொல்ல வேண்டும். சும்மா இருக்கும்போது ஆடி, வேலை செய்யும்போது அடங்குவது உட்கார்ந்து யோசித்துச் செய்கிற காரியமாகத் தெரியவில்லை. என் அம்மாவுக்கு ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது. இது யாரோ ஒருவரின் உண்மையான கை என்றால், தயவுசெய்து நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.”

மற்றவையில் போட்டேன். அடுத்ததைப் படித்தேன். அதற்கடுத்ததையும். ஏழாவதில் ஒரு சொல்கூட ஏறவில்லை. திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் பதிவை எடுத்தேன். எங்கும் வெட்டாதது. நடுவில் நான் ஏதோ தாளைப் புரட்டுகிறேன், சத்தம் கேட்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்காகக் கை காத்திருக்கிறது. ஆடிக்கொண்டே காத்திருக்கிறது.

ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறேன். ஏழு மாதம். ஒரே வீடு.

மார்ச் 12, புதன்

படித்தேன். அந்த நோயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா?

மார்ச் 15, சனி

அப்பா சும்மா இருப்பதே இல்லை. செய்தித்தாளை நாலாக மடிக்கிறார், பிரிக்கிறார். இறுக்கமாக இருக்கும் குழாயை இன்னும் இறுக்குகிறார். தொலைக்காட்சி பார்க்கும்போது மடியில் சட்டை, பித்தான் தைக்கிறார். “உங்கப்பாவால ஒரு நிமிஷம் சும்மா உக்கார முடியாது” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவாள். எப்போதிலிருந்து? பழைய அப்பா வயிற்றின் மேல் கைகோத்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடப்பாரே.

விளையாட்டின் பயிற்சிப் பகுதியில் ஒரு வரி வரும். “சும்மா இருக்கும் கைதான் காட்டிக்கொடுக்கும். எதையாவது செய்துகொண்டே இரு.”

எழுதியவள் நான்.

மார்ச் 16, ஞாயிறு

சித்தப்பா வந்திருந்தார். கூடத்தில் பேச்சு. அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று சமையலறைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவள் வாசல் வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தாள், ஒரு கிண்ணம் பட்டாணியை எடுத்தாள், போய் அப்பாவின் முன்னால் வைத்தாள்.

“என்னங்க, இதைக் கொஞ்சம் உரிச்சுக் கொடுங்க.”

“விருந்தாளி முன்னாடியே அண்ணனை வேலை வாங்கறீங்களே, அண்ணி” என்றார் சித்தப்பா.

“உங்களுக்கும் ஒரு கிண்ணம் தரட்டுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும். விரல்கள் வேலையைத் தொடங்கியிருந்தன.

அம்மா திரும்பி வந்தாள். ஃபிரிட்ஜில் உரித்த பட்டாணி ஏற்கெனவே மூன்று டப்பா இருக்கிறது. நான் அதைத் திறந்து பார்த்ததை அவள் பார்த்தாள். “கதவை மூடு. குளிர் போகுது” என்றாள்.

அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் உட்கார்ந்த மேசையில் ஏமாந்தது நான் ஒருத்திதான்.

மார்ச் 18, செவ்வாய்

பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். சோர்வாக இருக்கிறது, இரத்தம் பார்க்கணும் என்றேன். பொய்.

அப்பா என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். முழங்கையின் உட்புறத்தில் தட்டினார். ஊசியின் உறையைப் பிரிக்கும்வரை இடது கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதை நரம்பின் மேல் அழுத்தினார். அடங்கியது. குத்தியதே தெரியவில்லை.

“எல்லாரும் வேற பக்கம் திரும்பிப்பாங்க” என்றார். “நீ எதைப் பாத்துட்டிருக்க?”

நான் அவர் கட்டைவிரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பஞ்சை வைத்து என் கையை மடக்கினார். “அழுத்திப் பிடி. ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்மா. குத்தும்போது ஆடறதில்ல. அது போதும் எனக்கு.”

போதுமா? கேட்காமல், பஞ்சை அழுத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

கூட்டம். நிறுவனத்தை நடத்துகிறவரை எல்லோரும் அக்கா என்போம். “கட்டைவிரலை வெச்சுக்கலாமா, எடுத்துடலாமா? நீதானே எல்லாத்தையும் படிச்சிருக்க, சொல்லு.”

கோந்து முந்திக்கொண்டான். “எடுக்கணும்னா ஒரு மத்தியானம் போதும்க்கா. நடுக்கமே இருந்த மாதிரி தெரியாது.”

ஒரு மத்தியானம்.

“பெரும்பாலானவங்க வேணும்ங்கறாங்க” என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. யாருடைய கை என்று அக்காவுக்குத் தெரியும். “உங்கப்பாக்கு என் நன்றியைச் சொல்லு, என்னமா நடிச்சிருக்கார்” என்றார்.

ஏப்ரல் 2, புதன்

அப்பா வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“இன்னிக்கு ரெண்டு குத்து.”

அம்மா, “யாருக்கு?”

“அந்த வாத்தியாரம்மாவுக்கு. மாசாமாசம் வருவாங்களே. விரல் வெச்சேன். அடங்கல. ‘பரவால்ல சார், எனக்கென்ன புதுசா’ன்னாங்க.”

கை கழுவப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்து சொன்னார்: “நாளைக்கு மேனேஜர்கிட்ட பேசிடறேன். அடுத்தவங்க கை அது. அதுல போய் நான் பரிசோதனை பண்ணிட்டிருக்கக் கூடாது.”

ஊசியை விட்டுவிடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு குத்து மிச்சம். சொல்லியிருந்தால் அப்பாவுக்கு ஊசி பிடிக்கும் வேலையில் இரண்டு வாரம் குறைந்திருக்கும். இதில் நான் எதை யாருக்காகக் காப்பாற்றினேன்?

ஏப்ரல் 9, புதன்

மருத்துவர் நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். பன்னிரண்டு நிமிடம். முகம் தெரியாத அந்த ஆட்டக்காரர் சொன்னதுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளையிலிருந்து அப்பா பதிவு மேசையில். பெயர், வயது, வெறும் வயிறா என்று கேட்டுக் கணினியில் ஏற்றும் இடம்.

மத்தியானம் விளையாட்டைத் திறக்கச் சொன்னார். இரண்டாம் பாகம். சீட்டுப் போடுகிறவருக்கு எதிரே உட்கார்ந்து, தன் கையைத் தானே பார்த்தார். முதல் சுற்றிலேயே பிடித்துவிட்டார்.

“ரொம்ப சுலபமா இருக்கே.”

“அப்படித்தான் நிறையப் பேர் சொல்றாங்கப்பா.”

“எடுத்துடுங்கன்னு யாரும் கேக்கலியா?”

“இருநூறு பேருக்கு மேல.”

“வேணும்னு?”

“ஐந்நூத்திச் சொச்சம்.”

“சரி, அவங்களாவது வெச்சுக்கட்டும்” என்றார். இன்னொரு சுற்று ஆடினார். அதிலும் பிடித்தார்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். அப்பா நாற்காலியில் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். செய்தித்தாள் எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்தாள், வெறுங்கையோடு. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பா ஏதோ வீட்டு வரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவின் மடியைப் பார்த்தார்.

அப்பா கையை எடுக்கவில்லை. “ம், சொல்லு, வரி எவ்ளோ போட்டிருக்கான்?” என்றார்.