அப்பா வாங்க மறுத்த குச்சிகள்

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், உன் அப்பா நலம், அவருடைய பிடிவாதம் எங்கள் இருவரையும்விட நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போட்டு, சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைக்கிறார், நான் பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறது.

நாங்கள் கிளப்பில் கோல்ஃப் குரோக்கே ஆடுவது உனக்குத் தெரியும், என்ன ஆட்டம் என்று மட்டும் தெரியாது, ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே. புல்தரையில் கம்பி வளையங்கள் நட்டிருக்கும், மரச்சுத்தியலால் பந்தை அடித்து வளையத்துக்குள் யார் முதலில் நுழைக்கிறாரோ அவருக்கு ஒரு புள்ளி, உடனே எல்லோரும் அடுத்த வளையத்துக்குப் போய்விட வேண்டும், முதலில் ஏழு புள்ளி எடுப்பவர் ஜெயித்தவர். அவ்வளவுதான். ஆனால் இதில் ஹேண்டிகேப் என்று ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு எண், நன்றாக ஆடினால் சின்ன எண், என்னைப் போல ஆடினால் பெரிய எண். இரண்டு பேர் மோதினால் எண்களின் வித்தியாசத்தைப் பார்த்து நோஞ்சானுக்குச் சில கூடுதல் அடிகள் கொடுப்பார்கள். ஓர் அடிக்கு ஒரு வெள்ளைக் குச்சி, ஆடுகளத்தின் ஓரத்தில் எல்லோரும் பார்க்கும்படி குத்தி வைத்திருக்கும், தன் முறை முடிந்ததும் வேண்டுமென்றால் ஒரு குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொரு தடவை அடிக்கலாம். அந்த அடியில் தன் பந்தை நுழைத்துப் புள்ளி எடுக்க முடியாது, எதிராளியின் பந்தை எங்கேயாவது விரட்டிவிடலாம். எண் போடுகிறவர் நம் மருந்துக்கடைக்காரர். மாத்திரை எழுதிக் கொடுப்பது மாதிரியே கொடுப்பார், ஏன் இவ்வளவு என்று கேட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள் என்பார். பல் டாக்டர் இருக்கிறாரே, அவர் சில்லறை ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்றுத் தோற்றுத் தன் எண்ணைப் பெருக்கி வைத்துக்கொண்டு, கோப்பைக்கான போட்டி வந்தால் வேலி போல் குச்சி நட்டுக்கொண்டு நிற்பார். அந்த ஆளுக்கு வெட்கமே கிடையாது. உன் அப்பா அதற்கு நேர் எதிர்.

உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்றுதான் எனக்கு உத்தரவு, ஆனாலும் எழுதுகிறேன். போன வருஷத்திலிருந்து அவருடைய வலது கை நடுங்குகிறது. டீயை அரைக் கப்தான் ஊற்றச் சொல்கிறார். போனைப் புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்துத்தான் உன்னோடு பேசுகிறார். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் அவனிடம் கையை நீட்டிக் காட்ட நான் என்ன கைரேகை ஜோசியமா பார்க்கப் போகிறேன் என்கிறார். நீ லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டபோது உனக்கு இங்கே என்ன வேலை என்று வெட்டிவிட்டாரே, அது இதனால்தான். கிளப்பிலும் அதே கதை. ஒரு காலத்தில் அவர்தான் முதல் ஆள், எண் பூஜ்யம். இப்போது வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஏழுக்கு ஒன்று என்று தோற்கிறார், கேட்டால் புல் ஈரம், வளையம் கோணல், வெயில் கண்ணில் அடித்தது. எண்ணை மாற்றிக்கொண்டு குச்சி வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் காதில் விழாது. அவருடைய கோபத்துக்குப் பயந்து மருந்துக்கடைக்காரரும் அந்தப் பூஜ்யத்தின்மேல் கை வைக்கவில்லை.

இந்த லட்சணத்தில் கோப்பைப் போட்டியின் முதல் சுற்றிலேயே எனக்கும் அவருக்கும் ஜோடி விழுந்தது. கணக்குப்படி நான் நோஞ்சான், எனக்கு மூன்று குச்சி. ஊரே வேடிக்கை பார்க்க அவரைப் போட்டுத் தாளிக்க எனக்கு மனசு வரவில்லை. குச்சிகளைத் தொடாமலே ஆடினேன். எப்படியோ ஆளுக்கு ஆறு என்று வந்து நின்றது. அவருடைய பந்து கடைசி வளையத்துக்கு நேர் எதிரே, ஒரு முழம்கூட இல்லை. நான் அதை விரட்டப் பார்த்தேன், குறி தப்பியது. உங்க முறை என்று சொல்லி ஒதுங்கினேன். அவர் சுத்தியலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். மூணு குச்சியும் நட்டது நட்டபடி நிக்குது, ஏன் எடுக்கல, தர்மத்துக்கு ஜெயிக்க நான் என்ன பிச்சையா கேட்டேன், உனக்குச் சேர வேண்டியதை எடுத்து ஒழுங்கா ஆடு என்று ஒரு சத்தம். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் நிலத்தில் கல் நட்ட சர்வேயர் இல்லையா, தரையில் நிற்கிற எதையும் எண்ணாமல் விட மாட்டார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு குச்சியைப் பிடுங்கி எறிந்தேன், அடித்த அடியில் அவர் பந்து செடி ஓரம் போய் விழுந்தது. அங்கிருந்து அவர் அடித்தது பாதி வழியில் நின்றது. அடுத்த முறை நான் நுழைத்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை, நானும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எனக்குச் சேர வேண்டியதை நான் எடுக்கலன்னா அது உங்களுக்கு அவமானம், உங்களுக்குச் சேர வேண்டியதை ஒரு வருஷமா நீங்க எடுக்காம இருக்கீங்களே, அப்போ உங்களோட ஆடுறவங்களுக்கு அது என்ன, எனக்கு அது என்ன என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மறுநாள் காலையில் தானே சவரம் செய்துகொண்டு, கன்னத்தில் இரண்டு கீறலோடு, மருந்துக்கடைக்குப் போய் என் எண்ணை மாற்றுய்யா என்று சொல்லியிருக்கிறார். மருந்துக்கடைக்காரருக்கு வந்த தைரியத்தில், அப்பாவின் எண்ணைக் கூட்டிய கையோடு பல் டாக்டரின் எண்ணைக் குறைத்துவிட்டார். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள்கூட அவர் அலறிய மாதிரி அலறியதில்லையாம்.

நேற்று அப்பாவும் பல் டாக்டரும் சும்மா ஓர் ஆட்டம் ஆடினார்கள். அப்பாவுக்கு இரண்டு குச்சி. அவரே குத்தினார், குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று வேறு பார்த்தார். ஏழுக்கு ஐந்தில் தோற்றார். ஆனால் புல்லையோ வெயிலையோ ஒரு வார்த்தை திட்டவில்லை, முழு டீ ஊற்றச் சொல்லிக் கொஞ்சம் சிந்திக்கொண்டே குடித்தார். எனக்கு அந்தக் கையை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது வாலு, அதைச் சொல்ல உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருங்கள். கழுத்து வலி என்றாயே, அந்தத் தலையணையைத் தூக்கிப் போடு. இந்தக் கடிதத்தை மேஜைமேல் விட்டுவிட்டுக் குளிக்கப் போகிறேன், அப்பா படித்தால் படிக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா

அப்பா எழுதுகிறேன். படித்தேன். எழுத்து இப்படி இருப்பதற்குப் பேனா காரணம் இல்லை. லீவு கிடைத்தால் வா. உன்னோடு டாக்டரிடம் வருகிறேன்.