நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர்

மார்ச் 4
இன்றும் வந்தது. நல்லவேளை, பஸ்ஸை விட்டு இறங்கி டெப்போ கேண்டீனில் இருந்தேன். பார்வையின் நடுவே சின்ன மினுக்கல், பிறகு ரம்பப் பல் மாதிரி வளைந்து விரிந்தது. இருபத்திரண்டு நிமிடம். அப்புறம் தலைவலி. அலுத்துவிட்டது.

மார்ச் 9
டாக்டரம்மா சொன்னார்: "கண்ணுல கோளாறு இல்லம்மா. பின்மண்டையில பார்வைக்குன்னு இருக்கிற மூளைப் பகுதியில ஒரு அலை ஊர்ந்து போகுது. நிமிஷத்துக்கு மூணு மில்லிமீட்டர்தான். அது தாண்டின இடம் கொஞ்ச நேரம் வேலை செய்யாது."

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். "வீட்லதான்" என்றேன். பஸ் ஓட்டுகிறேன் என்றால் ஸ்டியரிங் போச்சு. வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாதம். என் ஒரு சம்பளம்தான்.

அடுத்த முறை வரும்போது தாளின் நடுவில் புள்ளி வைத்து, அதையே பார்த்தபடி மினுக்கல் எட்டிய இடத்தை நிமிடத்துக்கு ஒரு கோடாக வரையச் சொன்னார் டாக்டரம்மா.

மார்ச் 21
மூன்று தாள் ஆயிற்று. மூன்றிலும் ஒரே நடை. நடுவில் மெதுவாக, ஓரத்தில் ஓட்டம். முதல் ஆறு நிமிடம் பார்வையில் விழும் ஓட்டை சின்னதுதான். அதற்குள் பஸ்ஸை ஓரங்கட்டிவிடலாம். கெட்டிக்காரிதான் நான்!

ஏப்ரல் 2
வரவில்லை. தூங்கினேன்.

ஏப்ரல் 6
இன்று ஓட்டும்போதே வந்தது. மினுக்கல் ஆரம்பித்து மூன்றே நிமிடம். சாலை காலி. சத்தியமாகக் காலி. கண்டக்டர் தம்பி அலறினான்: "அக்கா! ஆளு! ஆளு!"

பிரேக்கை மிதித்தேன். பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, குடையோடு ஒரு பெரியவர்.

"பட்டப்பகல்ல நேர் எதிர்ல நிக்கறாரு. எப்படிக்கா தெரியாம போகும்?"

ஓட்டை கறுப்பாகத் தெரியும் என்றல்லவா இருந்தேன்? மூளை பக்கத்துத் தார்ச்சாலையை இழுத்து அந்த இடத்தில் பூசிவிட்டது. ஓட்டையே தெரியவில்லை. மனுஷனைக் கொன்னிருப்பேனே, பாவி!

ஏப்ரல் 7
வீட்டுக்காரரிடம் தாள்களைக் காட்டினேன்.

"தெரிஞ்சேவா ஓட்டினே?"

"ஆமா."

தாள்களை ஒவ்வொன்றாக மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, "வேலை போனா போகட்டும். நான் மூட்டை தூக்கியாவது பாத்துக்கறேன், விடு" என்றார். முதுகுவலியோடு மூட்டையாம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பத்து மணிக்கு மேனேஜர் மேசையில் மூன்று தாளையும் வைத்துவிட்டேன்.

ஜூன் 19
இப்போது டெப்போவில் வண்டிகள் போகிற வருகிற நேரம் எழுதுகிறேன். சம்பளம் குறைச்சல்தான். இழுத்துப் பிடித்து ஓடுகிறது.

மாலை, வீட்டுக்குத் திரும்பும்போது ஜன்னலோர சீட்டில் மினுக்கல் வந்தது. என் பழைய பஸ்தான். தம்பி பார்த்ததுமே புரிந்துகொண்டான். "தூங்குக்கா, ஸ்டாப் வந்தா எழுப்பறேன்."

கண்ணை மூடினேன். இமைக்குள்ளும் அது விரிந்துகொண்டே போனது. விரியட்டும். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.