பாதசரம் போட்ட பெடியன்

இன்று காலை பட்டினத்து அச்சகத்திலிருந்து நம் படப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்து சேர்ந்தது. கட்டை அவிழ்த்து ஒரு பிரதியை விரித்தேன். அச்சு மை மணம் குப்பென்று அடித்தது. நீ இருந்திருந்தால் புத்தகத்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்து, "வாசிக்க முதல் மணந்து பாக்கவேணுமடி" என்றிருப்பாய். உனக்காகவும் சேர்த்து நானே மணந்து பார்த்தேன். இப்போது பின்நேரம், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வது?

அ, ஆ தொடங்கும் அரிவரி வகுப்புக்கு ஒரு படப் புத்தகம் செய்து தரும்படி பள்ளிக்கூட மனேச்சர், அங்கே ரீச்சர்மாராக இருந்த நம் இருவரையும் கேட்டபோது, வசனம் எழுதுவது என் வேலை, படத்தை மரக்கட்டையில் செதுக்குவது உன் வேலை என்று பிரித்துக்கொண்டோம். நான் ஒரே மூச்சில் எழுதிக் கொண்டுவந்தேன். அப்பா சாய்மனைக் கதிரையில் பத்திரிகை படிக்கிறார். அம்மா சமைக்கிறா. அண்ணன் பட்டம் விடுகிறான். அக்கா முற்றம் கூட்டுகிறாள். அதுவரை நான் பார்த்த புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

நீ படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

"எடி, உந்த அப்பா ஆரின்ரை வீட்டிலை இருக்கிறார்? எங்கடை பிள்ளையளின்ரை அப்புமார் விடியக் கருக்கலோடை தோட்டத்துக்குப் போற ஆக்கள். அம்மாமாரும் வாய்க்காலிலை தண்ணி மாறிவிடப் பின்னாலை போகினம். உன்ரை புத்தகத்திலை அவருக்குக் கதிரையை விட்டு எழும்ப ஏலாது, அவவுக்கு அடுப்படியை விட்டு வெளிக்கிட ஏலாது."

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், என் வீட்டிலும் கதிரை ஒன்று இருந்ததே தவிர, அதில் அப்பா சாய்ந்து கிடந்து நான் கண்டதில்லை.

அடுத்த கிழமை நீ கொண்டுவந்த கட்டையில் ஒரு சிறுமி துலா மிதித்துக்கொண்டிருந்தாள். கிணற்றுக்கு மேலே நீண்டு கிடக்கும் துலாவில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்ப்பது நம் ஊர் இறைப்பு. மேலே நடப்பது ஆண்கள் வேலை. உன் படத்திலோ முதுகில் பின்னல் ஆடுகிறது, பாவாடை கொடுக்குப் போல இழுத்துச் செருகியிருக்கிறது, காலில் பாதசரம். அது யார் என்று நான் கேட்கவில்லை. அப்பு செத்த வருஷம், அம்மா பட்டை பிடிக்கப் பன்னிரண்டு வயதில் துலாவில் ஏறியவள் நீ என்று அளவெட்டியில் உன் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறா.

மனேச்சர் அதைக் கையில் எடுத்ததும் முகம் சுளித்தார்.

"பொம்பிளைப் பிள்ளை துலாவிலை ஏறுறதோ? பாக்கிற ஆக்கள் சிரிக்கமாட்டினமோ? உதை ஒரு பெடியனாக்கி விடுங்கோ."

"நான் ஏறேக்கை ஒருத்தரும் சிரிக்கேல்லை, ஐயா. தோட்டம் காயாமல் இருந்தது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நீ எழும்பிப் போய்விட்டாய்.

நான் போகவில்லை. எனக்கு வாய்தான் நீளம், துணிவு கட்டை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், நீ இல்லாத நேரம் உன் மேசையில் கிடந்த சிற்றுளியால் அந்தப் பின்னலைச் செதுக்கி எறிந்தேன். செருகிய பாவாடை தன்பாட்டில் வேட்டியாகிவிட்டது. வேலை இவ்வளவு சுகமா என்று எனக்கு ஒரு பெருமை வேறு!

புத்தகம் அச்சாகி வந்த அன்று நீ அந்தப் பக்கத்தை விரித்தாய். பின்னல் இருந்த இடத்தை விரலால் தடவினாய். "மரத்திலை செதுக்கி எடுத்ததைத் திருப்பி ஒட்டேலாது" என்றாய். அதற்குப் பிறகு மூன்று நாள் நீ என்னோடு கதைக்கவில்லை.

நம்மைச் சேர்த்து வைத்தது என் வகுப்பின் முன்வரிசைச் சின்னப் பெட்டை ஒருத்தி.

"ரீச்சர், இந்தப் பெடியன் ஏன் பாதசரம் போட்டிருக்கிறான்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பின்னலை எடுத்த நான் காலைப் பார்க்கவே இல்லை. நான் வாய் திறக்க முதல், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் தீர்த்து வைத்தாள்: "அது பெடியனில்லையடி, பெட்டை. பேன் எண்டு மொட்டை அடிச்சுப் போட்டினம்."

தட்டிக்கு அந்தப் பக்கத்து வகுப்பிலிருந்து உன் சிரிப்புக் கேட்டது. இடைவேளைக்கு வந்தாய். "உனக்குக் களவு செய்யவும் வடிவாத் தெரியேல்லை. அடுத்தமுறை நான் புதுக்கட்டை செதுக்குவன். மனேச்சரோடை நீ கதைக்கவேணும், சரியோ?"

"ஓம்" என்றேன்.

அடுத்தமுறை வருமுன் உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பதினெட்டாம் நாள் நீ போய்விட்டாய். அந்த "ஓம்" உனக்கு நான் பட்ட கடனாக நின்றது.

இரண்டாம் பதிப்பு என்றதும் உன் அம்மாவிடம் போய்ச் சிற்றுளியை வாங்கி வந்தேன். இரண்டு விரலை வெட்டிக்கொண்டு நானே செதுக்கினேன். பின்னல் நன்றாக வந்தது, மூக்குத்தான் கோணிவிட்டது. கட்டையை மனேச்சரின் மேசையில் வைத்தேன்.

"பழைய படத்துக்கு என்ன குறை?" என்றார்.

"குறை இல்லை ஐயா, பொய். துலா மிதிச்சு வளந்தவ இந்தப் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவ. ஆரும் சிரிச்சால் என்னட்டை அனுப்பிவிடுங்கோ."

என் குரல் நடுங்கவில்லை. நீ கேட்டிருக்க வேண்டும். அவர் கட்டையை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, "மூக்கைக் கொஞ்சம் திருத்துங்கோ" என்றார். செதுக்கி எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது என்று நீதானே சொன்னாய், அப்படியே விட்டுவிட்டேன். நான் கெடுத்த பழைய கட்டை என் மேசை லாச்சியில் இருக்கிறது, அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.

இன்று வகுப்பில் அந்தப் பக்கத்தை விரித்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், உவவின்ரை பேர் என்ன?"

உன் பெயரைச் சொன்னேன். ரீச்சர் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வது அரிவரிப் பிள்ளைகளின் வழக்கம் அல்லவா? பாடம் என்று நினைத்து வகுப்பு முழுவதும் உன் பெயரை ஒரே குரலில் சொன்னது. இன்னொருமுறை சொல்லச் சொன்னேன்.