ரெண்டு துப்பாக்கியில ஒண்ணு

பிரவீன் அப்பாவுக்கு அமிர்தம் வணக்கத்தோட எழுதறது. முட்டி வலி எப்படி இருக்குது? சூளை வேலைக்கு இன்னும் போறீங்களா?

பிரவீனுக்கு ஆபீசுல பெரிய பதவி குடுத்துட்டாங்க. மருமக துர்கா இந்த நாட்டு லைசென்ஸு வாங்கித் தானே காரு ஓட்டுறா. பேத்தி யாழினி நாலு வயசுலயே ஸ்கூலுல படம் வரைஞ்சு முதல் பரிசு.

போன் பேசும்போது பிரவீன் பக்கத்துலயே நிக்கிறான், அதான் எழுதறேன். பயப்படாதீங்க. பக்கத்துத் தெருவுல ஆள் இருக்கும்போதே திருடன் பூந்துட்டான். அதனால துப்பாக்கி வாங்கப் போனோம். வளையல் காட்டுற மாதிரி எடுத்துக் காட்டுறாங்க. கடைசியில ரெண்டு நின்னுச்சு. சின்னது துர்கா கைக்கு அடக்கம், ஆனா சுட்டா கையை ஒதறுது. பெருசு கனம், சுட்டுப் பழகுற எடத்துல அவளுக்குக் குறி தப்பல.

"நீ என்னம்மா சொல்ற?"ன்னான் பிரவீன்.

"பாப்பா விரலால விசையை இழுக்க முடியாதது எதுடா?"ன்னேன்.

கடைக்காரன்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டான். ரெண்டையுமே இழுத்துடும்னு அந்த ஆளு சொல்லிட்டான். பெருசை வாங்கிட்டு வந்துட்டோம்.

பூட்டுற பொட்டியில போட்டு அவங்க ரூமு அலமாரி மேல வெச்சிருக்குது. பகல்ல பாப்பா ஸ்கூலு விட்டு வந்தா நானும் அவளும்தான். அந்த ரூமு வாசல்லயே நாற்காலி போட்டு ஒக்காந்துக்கிறேன். தெருக்கதவு பக்கம் போறதே இல்ல.

என் முட்டிக்கும் தேய்க்கிற தைலம் ரெண்டு பாட்டில் அனுப்புங்க. பாப்பா முழிச்சிட்டா. உங்க போட்டோ புதுசா ஒண்ணு எடுத்துத் தபால்ல போடுங்க, ஒக்காந்திருக்கிறப்ப பாத்துக்கிட்டிருப்பேன்.