அவிழ்த்து வைத்த மல்லிகை

திண்டிவனம், 1986

என் சுசீலா, என் ஒரே மகளே,

உன் மகன் இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மாதத்தில் பிறந்தவனை என் மடியில் வைத்துக்கொண்டு, உன்னைப் பின்சீட்டில் படுக்கவைத்து, விழுப்புரத்துக்குக் காரில் போனோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கேதான் உன் கை சில்லிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாயே, என்ன அது? ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

டாக்டரம்மா அவன் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "கொழுப்பு ரொம்பக் கம்மிம்மா. குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா போதாது. மூளை வளரணும்னா தாய்ப்பாலை இப்பவே சொட்டுச் சொட்டா ஆரம்பிக்கணும்" என்றார்.

ரத்தத்தில் கொழுப்பு கூடித்தான் உன் அப்பா போனார். நெய் டப்பாவைப் பூட்டி வைத்தவள் நான். பேரனுக்கு அதுவே போதவில்லையாம். தாய்ப்பாலுக்கு நான் எங்கே போவேன்?

பக்கத்து வார்டில் மண்டகப்பட்டு அஞ்சலை படுத்திருந்தாள். கூலி வேலைக்காரி. முந்தின நாள் அவள் பிள்ளை தவறிவிட்டது. பால் வற்றட்டும் என்று மாமியார் அவள் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியிருந்தாள். அவளிடம் பால் கேட்டுப் பார்க்கும்படி நர்ஸிடம் சொன்னேன். "நீங்களே கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாரிடமும் எதையும் கேட்டறியாதவள் நான். கேட்டேன்.

மாமியார் சீறினாள். "உங்களாட்டம் வூட்ல மல்லாக்கொட்டை உரிக்க வந்தா, சொம்பத் தொட வுடாம தண்ணிய தூக்கி கையிலதான ஊத்துவீங்க? இப்ப எங்க பாலு மட்டும் எறங்குமா?"

"சும்மா கெட அத்தே. எம்புள்ளைக்குத்தான் குடுத்து வைக்கல. அந்தப் புள்ள இன்னா பண்ணுச்சி?" என்ற அஞ்சலை கட்டை அவிழ்த்தாள். பூ நசுங்கிப் பழுத்திருந்தது.

கிண்ணத்தை நானே கொதிநீரில் போட்டு எடுத்தேன். அவள் அழுதுகொண்டே பீய்ச்சினாள். அவன் மூக்குக் குழாயில் அது சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவளிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கான்வென்ட்டில் படித்த ஒரு வார்த்தையும் உதவவில்லை.

மறுபடி ரத்தம் எடுத்தபோது, "கொழுப்பு ஏறியிருக்கும்மா" என்று டாக்டரம்மா சிரித்தார். அந்தச் சேதிக்கு வாழ்நாளில் முதல் தடவையாக நன்றி சொன்னேன்.

இப்போது அவன் வீட்டில் இருக்கிறான். அழும்போது உன்னைப் போலவே உதடு ஒரு பக்கம் கோணுகிறது. மாப்பிள்ளை இன்னும் அவனைத் தூக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் வெளியே போய்விடுகிறார். நான் எங்கே போவது?

போன வாரம் அவனை மண்டகப்பட்டுக்கு எடுத்துப் போனேன். அஞ்சலை தள்ளியே நின்றாள். நீட்டியும் வாங்கவில்லை. "பாலு நின்னு போச்சிம்மா" என்று மட்டும் சொன்னாள். நான் போனது அவளுக்கு ஆறுதலா, தண்டனையா? திரும்பும் வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது.

உனக்கு மல்லிகை எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். ஆனால் அந்த வாசனை எனக்கு இனி ஆகாது. உன் படத்துக்குச் சாமந்திதான். பொறுத்துக்கொள்.

அவன் நடக்கத் தொடங்கட்டும். மறுபடி அழைத்துப் போவேன். அவள் தூக்கினாலும் தூக்காவிட்டாலும், யார் பாலில் பிழைத்தான் என்பதை அவள் வாசலில் வைத்தே அவனுக்குச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னைப் பெற்றவள்,
உன் பிள்ளையை வளர்ப்பவள்,
அம்மா